அவர்கள் அரை டிக்கெட் அல்ல!



வருகிற ஆண்டுப் பொதுக்குழுவில் நமது சங்கத்தின் விதி ஒன்றைத் திருத்தக் கோரும் தீர்மானம் வர இருக்கிறது. 'தாய், தந்தை இருவரும் தமிழராக உள்ளவரே உறுப்பினராகலாம். அவர்தம் பிள்ளைகளுக்கே கல்வி உதவி' என்பது அந்த விதி. இத்தனை ஆண்டுகள் இருந்த விதியை இப்போது ஏன் தொட வேண்டும் என்று பலர் கேட்கிறார்கள். "ஒரு பையனுக்காகச் சங்கத்தையே மாற்றுவதா?" என்று சிலர் கோபப்படுகிறார்கள். ஆம், ஒரு பையனிடம்தான் இது தொடங்கியது. ஆனால் அவரோடு முடிகிற விஷயம் அல்ல என்பதால்தான் இதை எழுதுகிறோம்.

அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறோம். அவரைத் 'தம்பி' என்றே குறிப்பிடுவோம். அடையாளம் தெரியக்கூடிய செய்திகளை விட்டுவிட்டோம். யார் என்று ஊகித்து விளையாட வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறோம்.

நாம் செய்த இரண்டு தவறுகள்

தம்பியின் தந்தை திருநெல்வேலிச் சீமையிலிருந்து மும்பைக்கு வந்து, ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருப்பவர். தாய் ஆங்கிலோ இந்தியர். நர்ஸ் வேலை பார்த்தவர். காதலித்து மணந்துகொண்டார்கள். அந்த அம்மாவை நம் வீட்டுப் பெண்களும் ஆண்களும் முதுகுக்குப் பின்னால் 'சட்டைக்காரி' என்றுதான் சொல்லி வந்தோம். அவர் காதில் அது விழவில்லை என்று நாம் நினைத்துக்கொண்டோம். விழுந்துகொண்டேதான் இருந்தது என்று இப்போது தெரிகிறது.

தம்பி மூன்று ஆண்டுகள் நமது சங்கத்தின் இரவு வகுப்பில் நம் பிள்ளைகளுக்கு ஆங்கிலமும் கணக்கும் சொல்லிக் கொடுத்தார். ஒரு காசு வாங்கவில்லை. பிறகு தம்முடைய டிப்ளமோ படிப்புக்குச் சங்கத்தின் கல்வி உதவியைக் கேட்டு மனு எழுதினார். நாம் என்ன செய்தோம்? விதியை எடுத்துக் காட்டித் திருப்பி அனுப்பினோம். கற்பிக்க வந்தபோது தமிழன். கை நீட்டியபோது அந்நியன்! இது நாம் செய்த முதல் தவறு.

"அப்படியானால் தாயின் சமூகத்தில் கேட்கலாமே" என்று சொன்னவர்களும் உண்டு. அரசியல் சட்டத்தின் 366(2)ஆம் பிரிவைப் பாருங்கள். தந்தை வழியில் ஐரோப்பிய வமிசம் உள்ளவரே ஆங்கிலோ இந்தியர் என்று அது வரையறுக்கிறது. தாய் வழி கணக்கில் இல்லை. ஆக, சட்டப்படி தம்பி ஆங்கிலோ இந்தியர் அல்லர். நம் சங்க விதிப்படி தமிழரும் அல்லர். இரண்டு வீடு இருக்க வேண்டிய பிள்ளைக்கு ஒரு திண்ணைகூட இல்லாமல் போயிற்று.

இரண்டாவது தவறு இதைவிடப் பெரியது. ஒருநாள் மாலை தம்பியின் தந்தை கலங்கிய கண்களோடு சங்க அறைக்கு வந்தார். மகன் தன்னோடு வேலை பார்க்கும் ஓர் இளைஞரிடம் அன்பு வைத்திருக்கிறான் என்று தெரிந்துவிட்டது. நீங்கள் பெரியவர்கள், புத்தி சொல்லுங்கள் என்றார். கல்லூரி நாளில் தம்பி ஒரு மராத்திப் பெண்ணை விரும்பினார், அது கைகூடவில்லை என்பது நமக்கெல்லாம் தெரியும். ஆகவே ஐந்து பேர் உட்கார்ந்து தம்பியை அழைத்து விசாரித்தோம். "அதுவும் உண்மை, இதுவும் உண்மை" என்றார் அவர். நமக்கு உடனே பெரிய நிம்மதி. "பெண்ணையும் பிடிக்கும் என்கிறாயே, பிறகென்ன? நல்ல பெண்ணாகப் பார்த்துக் கட்டி வைக்கிறோம். மற்றது தானாகப் போய்விடும்" என்று தீர்ப்புச் சொல்லி, டீ குடித்துக் கலைந்தோம்.

மறுவாரம் முதல் தம்பி வகுப்புக்கு வரவில்லை. தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, வேலைக்கும் ஒழுங்காகப் போகவில்லை. ஓர் இரவு கடைசி லோக்கல் போன பிறகும் பிளாட்பாரத்து பெஞ்சில் தனியே உட்கார்ந்திருந்தவரை, டியூட்டியிலிருந்த நம் தோழர் ஒருவர் கண்டு, பேச்சுக் கொடுத்து, கையைப் பிடித்து வீட்டுக்கு அழைத்து வந்தார். அந்தத் தோழருக்குத் தோன்றியது நம் ஐந்து பேருக்கும் தோன்றவில்லை. அவர் புத்தி எதுவும் சொல்லவில்லை. "சாப்பிட்டியாப்பா?" என்று மட்டும் கேட்டார்.

இன்று தம்பி அரசு மருத்துவமனை ஒன்றில் சிகிச்சை பெற்றுத் தேறி வருகிறார். பிறகு நம்மிடம் அவர் சொன்னதை அப்படியே தருகிறோம்: "அண்ணாச்சி, அப்பா ஊருக்குப் போனா நான் சட்டைக்காரன். அம்மா சொந்தக்காரங்க வீட்ல நான் மதராஸி. பொண்ணைப் பிடிச்சப்ப நல்ல பையன்னு சொன்னீங்க. பையனைப் பிடிச்சதும் சீக்குன்னு சொன்னீங்க. எல்லாம் சேந்ததுதான் நான்னு எந்த வீட்ல போய்ச் சொல்லுவேன்?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல நமக்கு வாய் வரவில்லை.

இதற்குப் பெயர் என்ன?

நாம் மருத்துவர்கள் அல்லர். பத்தாவது தேறி ரயில்வே குமாஸ்தாவாக வந்தவர்கள். ஆனாலும் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதைச் சொல்வது நம் கடமை.

ஆணிடமும் பெண்ணிடமும் அன்பும் ஈர்ப்பும் கொள்ளக்கூடிய இயல்புக்கு இருபாலீர்ப்பு என்று பெயர். அது நோய் அன்று. 1990 மே 17ஆம் நாள் உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலிலிருந்து ஒருபாலீர்ப்பை நீக்கியது. இந்திய மனநல மருத்துவர் சங்கமும் 2018இல் அது நோயல்ல என்று அறிவித்தது. ஆணை விரும்புவது நோயில்லை, பெண்ணை விரும்புவதும் நோயில்லை என்றால், இரண்டும் ஓர் உள்ளத்தில் இருப்பது மட்டும் எப்படி நோயாகும்?

இன்னொரு தவறான எண்ணமும் உண்டு. 'இருபாலாரையும் விரும்புகிறவர் ஒரே சமயத்தில் இருவரோடு வாழ்கிறவர், நம்பத் தகாதவர்' என்பது. இது அபாண்டம். பெண்களை விரும்பும் ஆண் எல்லாப் பெண்கள் பின்னாலும் போகிறானா? நாணயம் என்பது மனிதனின் குணம். யாரை விரும்புகிறார் என்பதைக் கொண்டு அதை அளக்க முடியாது.

"கட்டி வைத்தால் சரியாகிவிடும்" என்கிற நம் தீர்ப்பு ஏன் தவறு? இருபாலீர்ப்பு உள்ள ஆண் ஒரு பெண்ணை மனதார விரும்பி மணந்து நன்றாக வாழலாம். அப்படி வாழ்கிறவர்கள் உண்டு. அது அவரே தேர்ந்துகொண்ட வாழ்க்கை. நாம் செய்ய நினைத்தது அதுவல்ல. வேறொருவரிடம் அன்பு வைத்திருப்பவரை, மனத்தில் பாதியை மறைத்துவைக்கச் சொல்லி, விவரம் தெரியாத ஒரு பெண்ணின் கழுத்தில் தாலி கட்டச் சொன்னோம். தம்பிக்குச் செய்ய இருந்த கொடுமை ஒன்று. ஊரிலிருந்து ரயிலேறி வந்திருக்கக்கூடிய அந்தப் பெண்ணுக்குச் செய்ய இருந்த கொடுமை மற்றொன்று. நல்லவேளையாக அது நடக்கவில்லை.

வீட்டுக்குள்ளும் துணையில்லாத தனிமை

தோழர்களே, நமக்கு அவமானம் புதிதன்று. 1966இல் சிவசேனை தோன்றியபின் அன்றைய பம்பாயில் தென்னிந்தியர் பட்ட பாட்டை நம் மூத்த தலைமுறை நேரில் கண்டது. லுங்கியைச் சொல்லி இழித்தார்கள். வேலையைப் பறிக்க வந்தவர்கள் என்றார்கள். ஊருக்குப் போனால் 'பம்பாய்க்காரன்' என்று நம்மைத் தனியே வைக்கிறார்கள். பட்டியல் சாதித் தோழர்கள் ஊரில் வாங்கிய சான்றிதழ், இந்த மாநிலத்துச் சலுகைக்குச் செல்லாது என்று 1990இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. இரண்டு இடத்துக்கும் நடுவில் நிற்பது என்றால் என்ன என்று நமக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

ஆனால் ஒரு வேறுபாட்டை நாம் கவனிக்கத் தவறினோம். பள்ளியில் 'மதராஸி' என்று ஏச்சு வாங்கிய நம் பிள்ளை அழுதுகொண்டு வீட்டுக்கு வந்தால் தாய் என்ன செய்வாள்? "என்னையும் அப்படித்தான்டா சொன்னாங்க" என்று சொல்லி மடியில் போட்டுக்கொள்வாள். அந்த ஒரு சொல்லில் பாதி வலி போய்விடும். கலப்பு மணத்துப் பிள்ளைக்கு இந்த மடி முழுதாகக் கிடைப்பதில்லை. தந்தை தமிழர், கலப்பினத்தவர் அல்லர். தாய் ஆங்கிலோ இந்தியர்; இப்படி இரண்டு வீட்டுக்கு இடையில் வளர்ந்தவர் அல்லர். பிள்ளை படும் பாட்டை இருவருமே பட்டதில்லை. பெற்றவர்கள் எவ்வளவு அன்பானவர்களாக இருந்தாலும், 'எனக்கும் நடந்தது' என்று சொல்ல அந்த வீட்டில் ஆள் இல்லை.

இருபாலீர்ப்பும் அப்படியே. பெற்றோரும் அண்ணன் தம்பிகளும் பெரும்பாலும் அப்படி இருப்பதில்லை. சாதியால் தாழ்த்தப்பட்டவருக்குச் சேரி என்று ஒரு கூட்டமாவது துணைக்கு உண்டு. இவர் வீட்டிலேயே தனி. ஒருபாலீர்ப்பு உள்ளவர்களிடம் போனாலும் 'நீ பயந்து பாதியில் நிற்கிறவன்' என்று சொல்லும் சிலர் அங்கேயும் இருக்கிறார்கள். இந்தப் பக்கம் சந்தேகம், அந்தப் பக்கமும் சந்தேகம்.

இரண்டு தனிமையும் ஒருவர் தலையிலேயே விழுந்தால்? அதுதான் தம்பிக்கு நேர்ந்தது. கலப்பினத்தவரிடம் கேட்கும் கேள்வியும் இருபாலீர்ப்பு உள்ளவரிடம் கேட்கும் கேள்வியும் ஒன்றுதான்: 'ஒழுங்காகச் சொல், நீ யார் பக்கம்?' ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு வாசலிலும், தன்னில் ஒரு பகுதியைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போக வேண்டும். இதை ஆண்டுக்கணக்கில் செய்கிற மனம் களைத்துப் போகாதா?

களைத்துப் போகிறது என்றுதான் ஆராய்ச்சியும் சொல்கிறது. இலான் மெயர் என்ற அமெரிக்க ஆய்வாளர் 2003இல் இதை விளக்கி எழுதினார். சிறுபான்மையாக இருப்பவருக்கு, எல்லோருக்கும் உள்ள கவலைகளோடு இன்னொரு சுமையும் சேர்கிறது: எப்போது அவமானம் வரும் என்ற எதிர்பார்ப்பு, மறைத்து வாழும் உழைப்பு, பிறர் ஏசுவதைத் தானே நம்பத் தொடங்கும் நிலை. இவை உடம்பையும் மனத்தையும் அரிக்கின்றன. மேல்நாடுகளில் நடந்த பல ஆய்வுகளில், மனச்சோர்வும் பதற்றமும் ஒருபாலீர்ப்பு உள்ளவர்களைக் காட்டிலும் இருபாலீர்ப்பு உள்ளவர்களிடம் கூடுதலாகக் காணப்பட்டன. காரணம் அவர்களுடைய இயல்பு அன்று. இரண்டு பக்கமும் கதவு சாத்தப்படுவதே என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கம். பழுது வண்டியில் இல்லை தோழர்களே, நாம் போட்ட தண்டவாளத்தில்!

'மேல்நாட்டுச் சரக்கு' என்போருக்கு

"இதெல்லாம் பணக்காரர் வீட்டுச் சங்கதி, வெள்ளைக்காரன் பழக்கம்" என்று சொல்பவர்கள் அம்ரிதா ஷேர்கிலை அறிய வேண்டும். 1913இல் புடாபெஸ்ட் நகரில் பிறந்தவர். தந்தை பஞ்சாபைச் சேர்ந்த சீக்கியர், தாய் ஹங்கேரி நாட்டவர். ஆண்களிடமும் பெண்களிடமும் அவர் அன்பு கொண்டிருந்தார் என்று அவருடைய வாழ்க்கையை எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். பாரிசில் படித்து, பரிசு பெற்று, 1934 இறுதியில் இந்தியா திரும்பினார். தென்னாட்டில் பயணம் செய்து, சந்தைக்குப் போகும் தென்னிந்தியக் கிராமத்து மக்களை 1937இல் ஓவியமாகத் தீட்டினார். நம் பாட்டன் பாட்டிமாரின் கறுத்த மேனியை அழகென்று கண்டு வரைந்த கை அது. 1941இல் லாகூரில், 28 வயதில் இறந்தார்.

அவர் செல்வ வீட்டுப் பெண்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த வீட்டிலும் அவர் பத்திரமாக வைத்திருந்த கடிதங்களைப் பெற்றோர் படித்துப் பார்த்துத் தீயிலிட்டார்கள். மகளுக்கு அது பெரும் வேதனையாயிற்று. இன்று? 2023இல் அவருடைய ஓவியம் ஒன்று 61.8 கோடி ரூபாய்க்கு ஏலம் போனது. இறந்த பிறகு கோடி கொடுக்கும் உலகம், உயிரோடிருந்தபோது அவருடைய கடிதத்தை விட்டுவைக்கவில்லை. நம் வீட்டுப் பிள்ளையின் செல்போனைப் பிடுங்கிப் படிக்கும் நாம் அந்தப் பெற்றோரிலிருந்து எந்த வகையில் உயர்ந்தவர்கள்?

ஜூன் ஜோர்டான் என்ற அமெரிக்கக் கறுப்பினக் கவிஞரையும் சொல்ல வேண்டும். ஜமைக்கா தீவிலிருந்து பிழைப்புக்காக நியூயார்க் வந்த குடும்பத்தில் 1936இல் பிறந்தவர். நம்மைப்போல் புலம்பெயர்ந்தோர் வீட்டுப் பிள்ளை. வெள்ளையர் ஒருவரை மணந்து, கலப்பினத்து மகனை வளர்த்தவர். தாம் இருபாலீர்ப்பு உடையவர் என்பதை மறைக்காதவர். 1991இல் அவர் முன்வைத்த வாதம் எளியது: பல இனங்களின் கலப்பாக இருப்பவரும், இருபாலாரையும் நேசிப்பவரும் சந்திக்கும் நெருக்கடி ஒன்றே, ஒரு பெட்டிக்குள் அடங்கு என்று கட்டளையிடும் அதிகாரத்தை எதிர்ப்பதுதான் விடுதலை. இதைப் படித்தபோது நம் தம்பியின் பேச்சைக் கேட்டதுபோல இருந்தது.

சட்டம் எங்கே நிற்கிறது?

1860ஆம் ஆண்டு வெள்ளையர் எழுதிய தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு, சம்மதத்தோடு கூடிய ஒருபால் உறவையும் குற்றமாக்கியிருந்தது. 2018 செப்டம்பர் 6ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அந்தக் கறையைத் துடைத்தார்கள். ஆகவே போலீஸ் என்று சொல்லிப் பிள்ளைகளைப் பயமுறுத்துவது இனிச் செல்லாது. பேய் ஓட்டுகிறேன், ஊசி போட்டு மாற்றுகிறேன் என்று சொல்பவர்களிடமும் எச்சரிக்கையாக இருங்கள். இயல்பை மாற்றுவதாகச் சொல்லும் 'சிகிச்சை', மருத்துவர் செய்யும் தொழில் ஒழுக்கக் கேடு என்று 2022இல் தேசிய மருத்துவ ஆணையம் அறிவித்துவிட்டது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், யாரை விரும்புகிறார் என்பதைக் காட்டிச் சிகிச்சையில் பாகுபாடு செய்யக் கூடாது என்கிறது.

நம் தாய் மாநிலம் இதில் முன்னே நிற்கிறது என்பதில் நமக்குப் பெருமை உண்டு. 2021இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் மதுரையைச் சேர்ந்த இரண்டு பெண்களின் வழக்கு வந்தது. நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயத்தில் தமக்குப் போதிய தெளிவில்லை என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, ஓர் உளவியலாளரிடம் சென்று கேட்டறிந்த பிறகே தீர்ப்பெழுதினார். 2025 மே மாதம் அதே நீதிமன்றம், திருமணம் ஒன்றே குடும்பம் அமைக்கும் வழியன்று என்றது. உயர் நீதிமன்ற நீதிபதியே உட்கார்ந்து பாடம் கேட்டார். சங்க நிர்வாகிகளான நமக்கு வெட்கம் எதற்கு?

குறையும் உண்டு. 2023 அக்டோபர் 17ஆம் நாள் உச்ச நீதிமன்றம் ஒருபால் திருமணத்துக்கு ஏற்பு வழங்க மறுத்துவிட்டது. ஆகவே தம்பி நாளை ரயில்வே வேலைக்கு வந்து ஒரு பெண்ணை மணந்தால் அவள் பெயரைப் பாஸில் எழுதலாம். குடும்ப ஓய்வூதியமும் உண்டு. ஓர் ஆணோடு முப்பது ஆண்டு வாழ்ந்தாலும் அந்தப் பெயரை எழுத இடமில்லை. ஒரே மனிதர், ஒரே அன்பு. யாரைத் தேர்ந்தார் என்பதைப் பார்த்து உரிமை வருகிறது, போகிறது. 2024இல் மத்திய அரசு ரேஷன் அட்டையில் இத்தகைய துணைவர்களை ஒரே குடும்பமாகக் கருதலாம், கூட்டு வங்கிக் கணக்கு தொடங்கத் தடையில்லை என்று அறிவித்தது. இது சிறிய கதவு. ஆனாலும் திறந்த கதவு.

தமிழ் அழிந்துவிடுமா?

விதியைத் திருத்தினால் சங்கத்தின் தமிழ்த்தன்மை போய்விடும் என்று மூத்தவர்கள் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்தை நாம் ஏளனம் செய்யவில்லை. அந்நிய ஊரில் மொழியைக் காக்கப் பாடுபட்டவர்கள் அவர்கள். ஆனால் கண்ணெதிரே நடப்பதைப் பாருங்கள். தாய் தந்தை இருவரும் தமிழராக உள்ள வீடுகளில் எத்தனை பிள்ளைகள் தமிழ் எழுத்துக் கூட்டத் தெரியாமல் இருக்கிறார்கள்! தம்பியோ இந்த இதழைத் தமிழில் படிக்கிறார். மொழியைக் காப்பது ரத்தமா, நாவா?

நிதி குறைவு என்பதும் உண்மை. அப்படியானால் யாருக்குத் தேவை அதிகம், யார் சங்கத்துக்கு உழைத்தார் என்று பார்த்துக் கொடுப்போம். தாயின் சாதியையும் இனத்தையும் பார்த்துக் கொடுக்க வேண்டாம்.

ரயிலில் ஐந்து வயது முதல் பன்னிரண்டுக்குள் இருக்கும் பிள்ளைக்கு அரை டிக்கெட் வாங்கினால் தனிப் படுக்கை கிடையாது. 2016 முதல் அதுதான் விதி. பாதிக் கட்டணம், ஆகவே பாதி இடம். ஆனால் தம்பி போன்றவர்களிடம் நாம் முழுக் கட்டணத்தையும் வாங்கிக்கொண்டோம். உழைப்பை முழுதாக, அன்பை முழுதாக, வரிசையில் நின்ற நேரத்தை முழுதாக வாங்கிக்கொண்டு, உட்கார மட்டும் இடம் தரவில்லை.

எனவே பொதுக்குழு முன் நாம் வைப்பவை:

1. தாய், தந்தை இருவரில் ஒருவர் தமிழரானாலும், பிள்ளை சங்கத்தின் முழு உறுப்பினர். தமிழரை மணந்த பிற இனத்தவரும் உறுப்பினர்.

2. யார் யாரை விரும்புகிறார் என்று விசாரிக்கும் பஞ்சாயத்து இனிச் சங்க அறையில் நடக்கக் கூடாது. ஒருவர் நம்பிச் சொன்னதை வெளியே சொல்பவர் பொறுப்பிலிருந்து விலக வேண்டும்.

3. மனம் சோர்ந்தவர்களை மந்திரவாதியிடமும் கல்யாணத் தரகரிடமும் அனுப்பாமல், மருத்துவமனைக்கு உடன் அழைத்துச் செல்ல ஆண் ஒருவர், பெண் ஒருவர் என இரு தோழர்களைச் சங்கம் நியமிக்க வேண்டும். 2022இல் தொடங்கிய அரசின் டெலி மானஸ் தொலைபேசி எண் 14416; கட்டணமில்லை. தமிழிலும் பேசலாம். இந்த எண் சங்கப் பலகையில் பெரிய எழுத்தில் இருக்கட்டும்.

4. 'சட்டைக்காரி' என்ற சொல்லை நம் வாயிலிருந்து நாமே விலக்குவோம். நம்மை 'மதராஸி' என்பவனிடம் கோபப்படும் உரிமை அதற்குப் பிறகுதான் நமக்கு முழுதாக வரும்.

தம்பியின் தாயாரைச் சென்று பார்த்தோம். நடந்ததற்கு மன்னிப்புக் கேட்டோம். அவர் நீண்ட நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "பையன் திரும்ப வகுப்பு எடுக்கலாமான்னு கேக்கிறான். வரட்டுமா?" என்றார். முப்பது ஆண்டுகளாக நம் தெருவில் வாழும் அந்த அம்மா, தம் பிள்ளை நம் வாசலுக்குள் வர நம்மிடம் அனுமதி கேட்கிறார்!

தோழர்களே, அதற்கான பதிலை ஐந்து பேர் சொல்லக் கூடாது. பொதுக்குழுவில் எல்லோரும் கையுயர்த்திச் சொல்ல வேண்டும். குடும்பத்தோடு வாருங்கள்.